99-ல் பாதி எவ்வளவு?

ஆரணியில் நெசவுத் தெருக்கள் பக்கம் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். திண்ணையிலிருந்து செல்போன் சத்தம் கேட்கும். கத்தி மோதும், பூதம் அலறும், நடுவில் ‘டிங்’ என்று ஒரு மணி அடிக்கும். மணி அடித்தால் லெவல் ஏறிவிட்டது என்று அர்த்தம். புதிதாக ஆரம்பித்த பையன் என்றால், பத்து நிமிஷத்தில் அந்த மணி நாலைந்து தடவை அடித்துவிடும்.

இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இரண்டு வகை. ‘எப்பப் பார்த்தாலும் போனு’ என்கிற அம்மா, அப்பா, ஆயா முதல் வகை. அது நமக்குப் பழகிய பெருமூச்சு. இரண்டாவது வகை கொஞ்சம் வேடிக்கையானது. முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடியவர்கள். அவர்கள் சொல்வது இது: “எங்க காலத்துல ஒரு லெவல் ஏற ஒரு வாரம் ஆகும் தம்பி. இப்ப உங்களுக்கெல்லாம் ரொம்ப ஈஸியாப் போச்சு.”

எல்லாத் தலைமுறையும் அடுத்த தலைமுறையைப் பார்த்துச் சொல்கிற வசனம்தான். தறியில் உட்கார்ந்த தாத்தா சொன்னார், சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போன அப்பா சொன்னார், இப்போது கேம் விளையாடிய மாமா சொல்கிறார். ஆனால் இந்த மாமா சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அவர் கையில் கணக்கு இருக்கிறது. இந்த வாரம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அதற்குள் நம் வீட்டுக் காசும் நேரமும் இருக்கின்றன.

லெவல் என்றால் என்ன?

விளையாடாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ரோல்-பிளேயிங் கேம் என்றால் நீங்களே ஒரு பாத்திரமாகி விளையாடுவது. வீரன், மந்திரவாதி, வைத்தியக்காரி என்று ஏதோ ஒரு வேஷம். ஆன்லைன் என்றால் அதே உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் அதே நேரத்தில் உலவிக்கொண்டிருப்பார்கள். பூதத்தைக் கொன்றால், கொடுத்த வேலையை முடித்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி ஓர் அளவுக்குச் சேர்ந்தால் அடுத்த லெவல். லெவல் ஏறினால் பலம் கூடும், புது வித்தை கிடைக்கும், முன்பு கால் வைக்கப் பயந்த காட்டுக்குள் தைரியமாகப் போகலாம்.

இந்த ஏணி கம்ப்யூட்டரில் பிறக்கவில்லை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு விளையாடுவது. அனுபவப் புள்ளியும் லெவலும் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவின.

நெசவு ஊர்க்காரர்களுக்கு ஏணி புதிதில்லை. முதலில் தார் சுற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட வேண்டும். பிறகு பூ வேலை இல்லாத உடல் பகுதியை நெய்ய வேண்டும். அப்புறம் கரை, அதற்கும் அப்புறம் முந்தி. ஜரிகை வேலைப்பாடு நிறைந்த புடவையைத் தனியாக நெய்து இறக்குகிறவர் நம் ஊரில் உயர்ந்த லெவல். அவர் தலைக்கு மேலே நம்பர் மிதக்காது. தெருவுக்கே தெரியும்.

மாமாவின் கணக்கு

‘ரூன்ஸ்கேப்’ என்ற ஆன்லைன் விளையாட்டு 2001-ல் இங்கிலாந்திலிருந்து வந்தது. தனியாக எதையும் ஏற்றத் தேவையில்லை, பிரவுசரிலேயே ஓடும் என்பதால் சென்டர் பையன்களுக்கு வசதி. மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, சமைப்பது என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அதில் தனித்தனி லெவல். உச்சம் 99. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக 83 புள்ளி போதும். 99-ஐத் தொட மொத்தம் 1,30,34,431 புள்ளி வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், 99-ல் பாதி எவ்வளவு? நாற்பத்தொன்பதரை என்பீர்கள். ரூன்ஸ்கேப் விளையாடியவர்கள் 92 என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். 92-வது லெவலில் நிற்கிறவரிடம் 65,17,253 புள்ளி இருக்கும். கிட்டத்தட்ட சரிபாதி. மீதி ஏழு லெவலுக்கு, இதுவரை வந்த தூரம் முழுவதையும் இன்னொரு முறை நடக்க வேண்டும். 98-லிருந்து 99-க்குப் போகிற கடைசிப் படிக்கு மட்டும் 12 லட்சத்துக்கு மேல்.

1999-ல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ இன்னும் கறார். அதில் செத்தால் சேர்த்த புள்ளியில் ஒரு பங்கு போய்விடும். சில சமயம் லெவலே இறங்கிவிடும். செத்த இடத்துக்குத் திரும்ப நடந்து போய், கிடக்கிற உடலிலிருந்து நம் பொருட்களை நாமே மீட்டுவர வேண்டும். கொரியாவின் ‘ரக்னராக் ஆன்லைன்’ 2000-களின் நடுவில் இந்தியாவுக்கென்றே தனி சர்வரோடு வந்தது. அதிலும் 99-தான் உச்சம், அதிலும் செத்தால் புள்ளி நஷ்டம். நம் மாமாக்களில் சிலர் அங்கே பட்டுத் தேறியவர்கள்.

அப்போது ஒருவர் தலைக்கு மேல் பெரிய நம்பரைப் பார்த்தால், பக்கத்தில் போய் நின்று மரியாதையாக வழி கேட்பார்கள். அந்த நம்பருக்குப் பின்னால் எத்தனை ராத்திரி இருக்கிறது என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதே விலையைக் கொடுத்துத்தான் அங்கே வந்திருந்தார்கள். காசு விலை இல்லை, நேர விலை.

ஏணியைக் குட்டையாக்கியது யார்?

2004 நவம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வந்தது. இந்த வகை விளையாட்டை உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு கொண்டுபோன விளையாட்டு. இன்று அதன் ஆரம்ப நாட்களை எல்லோரும் ‘அந்தக் காலத்துக் கஷ்டம்’ என்று பேசுகிறார்கள். ஆனால் வந்த புதிதில் அதையே ‘ரொம்ப ஈஸி’ என்று எவர்குவெஸ்ட் ஆட்கள் கேலி செய்தார்கள். செத்தாலும் புள்ளி போகாதாமே, இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று.

அதை உருவாக்கியபோது நடந்த ஒரு விஷயம் சுவாரஸ்யமானது. ஒரேயடியாக உட்கார்ந்து விளையாடினால் நல்லதில்லை என்று, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கிடைக்கிற புள்ளியைக் குறைத்துப் பார்த்தார்கள். சோதனைக்கு விளையாடியவர்கள் கொதித்துப் போனார்கள். உடனே பெயரை மாற்றினார்கள். ஓய்வெடுத்துவிட்டு வருகிறவருக்குக் கொஞ்ச நேரம் இரட்டைப் புள்ளி, அப்புறம் வழக்கமான புள்ளி என்றார்கள். ஏறக்குறைய அதே கணக்குதான். தண்டனையாகச் சொன்னபோது திட்டினார்கள், போனஸ் என்று சொன்னபோது கொண்டாடினார்கள். நம் ஜவுளிக் கடை ஆடித் தள்ளுபடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய பாடம் இது.

அந்த விளையாட்டில் முதலில் 60 லெவல்தான். 2007-ல் 70 ஆனது, 2008-ல் 80 ஆனது. ஓரிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாடிக்கு மேல் மாடி கட்டினார்கள். 2018-ல் 120. இங்கேதான் சிக்கல். புதுக் கதை, புது ஊர், புதுப் பூதம் எல்லாம் மேல்மாடியில். பழைய ஆட்கள் எல்லோரும் அங்கே. புதிதாகச் சேர்கிறவர் தரைத்தளத்தில் தனியாக நிற்கிறார். 120 படியும் ஏறி முடிப்பதற்குள் அவர் கூப்பிட்டு வந்த நண்பன் வேறு விளையாட்டுக்குப் போயிருப்பான்.

அதனால் படிகளைச் சுலபமாக்கினார்கள். வேகமாகப் புள்ளி கிடைக்கிற வழிகள் வந்தன. உயர்ந்த லெவல்காரர் தன்னுடைய இன்னொரு புதுப் பாத்திரத்துக்குக் கொடுக்கிற பரம்பரை நகை மாதிரியான பொருட்கள் வந்தன. போட்டுக்கொண்டால் புள்ளி கூடுதலாகச் சேரும். 2014-ல் லிஃப்டே வைத்துவிட்டார்கள். 60 டாலர் கட்டினால் நேரே 90-வது லெவல். அன்றைய கணக்கில் 3,600 ரூபாய்க்கு மேல். 2020-ல் மொத்தக் கட்டடத்தையும் இறக்கி, 120-ல் நின்றவர்களை 50-க்குக் கொண்டுவந்து, உச்சத்தை மறுபடி 60 என்று வைத்தார்கள்.

ஆக, மாமா சொல்வது உண்மை. லெவல் ஏறுவது எளிதாகியிருக்கிறது. தானாக ஆகவில்லை, யோசித்து, கணக்குப் போட்டு எளிதாக்கியிருக்கிறார்கள்.

அது தப்பா?

இதில் உடனே தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. பதினெட்டு வயதில் ராத்திரி முழுக்க விளையாடியவருக்கு இப்போது கடை இருக்கிறது, குழந்தை இருக்கிறது, காலையில் ஆறு மணிக்குப் பால் வாங்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் பழைய நண்பர்களோடு நாலு பூதம் அடிக்கலாம் என்று வருகிறார். நண்பர்களில் ஒருவர் துபாயில், ஒருவர் சிங்கப்பூரில். அந்த அரை மணியில் இருபது நிமிஷம் ஒரே பன்றியை முப்பது தடவை குத்துவதில் போனால், அதில் என்ன வீரம்? அவருக்காக ஏணியைக் குட்டையாக்கியதில் எனக்கு வருத்தம் இல்லை.

‘நாங்க பட்ட கஷ்டத்த நீயும் படணும்’ என்ற வாதத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதை நெசவு ஊர்க்காரர்கள் நன்றாகவே அறிவோம். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தறிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் காஞ்சிபுரத்திலும் இருந்தார்கள், நம் வட்டாரத்திலும் இருந்தார்கள். வீட்டுக் கடனுக்காக அப்படி உட்கார்ந்தவர்களும் உண்டு. ‘அப்படித்தான் தொழில் கத்துக்க முடியும்’ என்று அன்றைக்குப் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தக் கஷ்டம் போனதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. கஷ்டம் என்பதற்காகவே ஒன்று உயர்ந்ததாகிவிடாது.

தறிக்கு மேலே பாருங்கள். ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. 1804-ல் பிரான்ஸில் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்ட் உருவாக்கிய கருவியின் பெயர்தான் அது. அதற்கு முன்னால், பூ வேலைக்கு ஒவ்வொரு வரிசைக்கும் எந்தெந்த இழையைத் தூக்குவது என்று பார்த்துத் தூக்க, நெய்கிறவரோடு இன்னோர் ஆள் வேண்டும். பெரும்பாலும் சின்னப் பையன். ஜக்கார்டு வந்த பிறகு துளை போட்ட அட்டை அந்த வேலையைச் செய்தது. இப்போது சில தறிகளில், காலால் மிதித்துத் தூக்க வேண்டிய பெட்டியை மோட்டார் தூக்குகிறது. முழங்கால் வலி மிச்சம். அதனால் அந்தப் புடவை மட்டம் என்று யாராவது சொல்வார்களா? அலுப்பு குறைந்தது, கை வேலை குறையவில்லை. இழை அறுந்தால் கண்டுபிடிக்கிற கண் வேண்டும், அடிக்கிற அடி ஒரே சீராக விழ வேண்டும். கூலி வாங்கப் போகும்போது புடவையை விரித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

(ஒரு சின்ன உபரித் தகவல்: அந்தத் துளை அட்டையின் யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு வம்சாவளி எழுதினால், பேரன் திண்ணையில் கேம் விளையாடுகிறான். கொள்ளுத் தாத்தா உள்ளே தறி மேல் உட்கார்ந்திருக்கிறார்.)

ஜக்கார்டு கொடுத்தது ஒரு வகை எளிது: அலுப்பை எடுத்துக்கொண்டு வித்தையை விட்டுவைக்கிற எளிது. விளையாட்டிலும் அது வந்தால் வரவேற்கலாம். ஆனால் நம் பிள்ளைகளின் போனுக்கு வந்திருப்பது பெரும்பாலும் அது இல்லை.

முதல் முப்பது படி

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதே டிசம்பரில் ஜியோவோடு சேர்ந்து ‘போகிமான் கோ’ இந்தியாவுக்கு வந்தது. தெருவில் நடந்து நடந்து பிராணிகளைப் பிடிக்கிற விளையாட்டு, ஞாபகம் இருக்கும். முதல் சில வருஷங்கள் அதில் 40-தான் உச்ச லெவல். 30-வது லெவலைத் தொட மொத்தம் 20 லட்சம் புள்ளி. 40-ஐத் தொட 2 கோடி. அதாவது முப்பதாவது படியில் நின்று ‘முக்கால்வாசி ஏறிட்டேன்’ என்று சொல்கிற பையன், உண்மையில் பத்தில் ஒரு பங்குதான் ஏறியிருக்கிறான்.

அந்தக் காலத்து ரூன்ஸ்கேப்பிலும் இப்படித்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆரம்பம் எளிதாகவும் முடிவு செங்குத்தாகவும் இருப்பது பழைய பழக்கம்தான். மாறியது வேறு. பழைய விளையாட்டில் செங்குத்து வந்தால் எல்லோருக்கும் ஒரே வழி, ஏறுவது. இன்றைய போன் விளையாட்டுகள் பலவற்றில் செங்குத்து ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கடை இருக்கிறது. அதுவரை ‘டிங் டிங்’ என்று அடித்த மணி அந்த இடத்தில் நின்றுவிடும். வைரம் வாங்கு, படிகம் வாங்கு, இன்றைக்கு மட்டும் பாதி விலை, இன்னும் நாலு மணி நேரம்தான் என்று அறிவிப்பு வரும்.

காத்திருப்பும் ஒரு சரக்கு. ‘கென்ஷின் இம்பாக்ட்’ 2020-ல் வந்த பெரிய விளையாட்டு. அழகான விளையாட்டும்கூட. அதில் சில பரிசுகளை எடுக்க ரெசின் என்று ஒன்று செலவாகும். எட்டு நிமிஷத்துக்கு ஒன்று என்று தானாக ஊறும். இப்போது அதிகபட்சம் 200 வரை சேரும். காலியான தொட்டி நிரம்ப 26 மணி 40 நிமிஷம். அவசரமா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பூதம் கடினமாக இருப்பதால் நீங்கள் நிற்கவில்லை. கடிகாரம் உங்களை நிறுத்தியிருக்கிறது.

இன்னொரு வகையில் விளையாட ஆளே வேண்டாம். 2016 டிசம்பரில் கொரியாவில் வந்த ‘லீனேஜ் 2 ரெவல்யூஷன்’ மாதிரி விளையாட்டுகளில் ஒரு பொத்தானைத் தட்டினால் பாத்திரம் தானே நடக்கும், தானே சண்டை போடும், தானே லெவல் ஏறும். ‘ஏஎஃப்கே அரீனா’ மாதிரி விளையாட்டுகளில் போனை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் காலையில் புள்ளி சேர்ந்திருக்கும். அதில் நடக்கக்கூடிய உரையாடல் இப்படி இருக்கும்:

“ஆயா, நான் எண்பதாவது லெவல்!”

“அப்படியா ராசா! எப்படிடா ஏறின?”

“ராத்திரி தூங்கிட்டிருந்தேன் ஆயா.”

ஆயாவுக்குப் புரியவில்லை என்றால் அது ஆயாவின் குற்றம் இல்லை.

இங்கேதான் மாமாவின் வாதத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். கஷ்டம் காணாமல் போகவில்லை. ஏணியின் அடியிலிருந்து எடுத்து உச்சியில் வைத்திருக்கிறார்கள், அங்கே விலைச் சீட்டும் ஒட்டியிருக்கிறார்கள். முதல் முப்பது படி எளிதாக இருப்பதே, நாம் முப்பத்தொன்றாவது படிக்கு வந்து நிற்க வேண்டும் என்பதற்காக. அவ்வளவு தூரம் வந்தவனுக்குத் திரும்பிப் போக மனசு வராது. அலுப்பை அவர்களே தயாரிக்கிறார்கள், அலுப்புக்கு மருந்தையும் அவர்களே விற்கிறார்கள்.

உலகம் இதைக் கவனிக்காமல் இல்லை. என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துப் பெட்டி திறக்கிற முறையை 2018-ல் பெல்ஜியம் சூதாட்டம் என்று அறிவித்தது. 2022-ல் ‘டையாப்லோ இம்மார்ட்டல்’ வெளியானபோது பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அது வெளியாகவில்லை. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்தது. பணம் கட்டி, ஜெயித்தால் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிற விளையாட்டுகள்தான் அதன் குறி. வைரம் வாங்கி லெவல் ஏறுகிறவன் பணம் எதிர்பார்க்கவில்லை, நம்பர் எதிர்பார்க்கிறான். அவனைக் கவனிக்க வேண்டிய முதல் ஆள் போலீஸ் இல்லை, வீட்டில் இருக்கிற நாம்.

தாங்களே கஷ்டத்தைத் தேடிப் போனவர்கள்

எல்லாம் எளிதாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம் என்று நிறுவனங்கள் நினைத்தன. அப்படி நடக்கவில்லை. 2013-ல் ரூன்ஸ்கேப் ஆட்கள் ஓட்டுப் போட்டுப் பழைய வடிவத்தைத் திரும்பக் கேட்டார்கள். 2007-ல் இருந்த மாதிரியே ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ வந்தது. இன்றைக்கும் ஓடுகிறது. அதே 99, அதே ஒரு கோடியே முப்பது லட்சம். 2019 ஆகஸ்டில் வார்கிராஃப்டும் தன் பழைய வடிவத்தைக் கொண்டுவந்தது. உள்ளே நுழையவே வரிசையில் காத்திருந்தார்கள். 2023-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு தடவை செத்தால் அந்தப் பாத்திரத்தின் கதை அத்தோடு முடிந்தது என்கிற வடிவம் வந்தது. அதற்கும் கூட்டம்.

அவர்கள் கஷ்டத்தை ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நம்பருக்கு மறுபடி ஓர் அர்த்தம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் 50 என்றால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது என்னவென்று தெரிய வேண்டும். காசு கொடுத்து வாங்கினேனா, தூங்கி ஏறினேனா என்ற சந்தேகம் வரக்கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு. வெனிசுவேலாவில் பொருளாதாரம் சரிந்தபோது, 2017 வாக்கில், அங்கே பலர் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் நாள் முழுக்க டிராகன்களைக் கொன்று, கிடைத்த விளையாட்டுத் தங்கத்தை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றுச் சாப்பாட்டுக்கு வழி தேடினார்கள். விளையாட்டின் விதிப்படி அது தப்பு. மற்ற விளையாட்டுக்காரர்கள் அவர்களைத் திட்டவும் செய்தார்கள். ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருக்கிற படி, இன்னொருவருக்குக் கூலி வேலை. ஒருவர் காசு கொடுத்துத் தாண்டிப்போகிற அலுப்பை, எங்கோ ஒருவர் உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருக்கிறார். துண்டுக் கூலிக்கு நெய்கிற ஊரில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டுக்கு வருவோம்

பட்டுப் புடவை ஒன்று தறியிலிருந்து இறங்க எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இறங்கிய பிறகுதான் கூலி. அந்தக் கூலியிலிருந்து ஐந்நூறு ரூபாய் வைரமாக மாற ஒரு விரல் தொட்டால் போதும். சம்பாதிக்கிற வேகத்துக்கும் செலவாகிற வேகத்துக்கும் இவ்வளவு தூரம் நம் குடும்பங்களில் முன்பு இருந்ததில்லை.

அதற்காகப் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லவில்லை. பூட்டினால் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போவான். இந்த விளையாட்டுகளில் நல்லதும் இருக்கிறது. முன்பின் தெரியாத பத்துப் பேரோடு சேர்ந்து திட்டம் போட்டு ஒரு பெரிய பூதத்தை வீழ்த்துவது சாதாரண விஷயம் இல்லை. யார் முன்னால் நிற்பது, யார் காயம் ஆற்றுவது, தோற்றால் யார் மேல் கோபப்படாமல் இருப்பது என்று அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

முதலில் வேலியைச் சரிபார்த்துவிடுங்கள். கூகுள் பிளேயில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் அடையாளம் கேட்கும்படி அமைப்பை மாற்றி வைக்கலாம். யூபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, மாதாமாதம் போகிற தொகை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

அப்புறம் பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். திட்டுகிற குரலில் வேண்டாம். கதை கேட்கிற குரலில்.

ஒன்று: “இந்த விளையாட்டுல தோத்துப் போக முடியுமா?” முடியாது என்றால் அது விளையாட்டு என்பதைவிட உண்டியல்.

இரண்டு: “காசு குடுத்தவன் உன்னவிடச் சீக்கிரம் மேல போவானா?” ஆமாம் என்றால், போட்டி பிள்ளைக்கும் பூதத்துக்கும் இல்லை, நம் பர்ஸுக்கும் இன்னொருவர் பர்ஸுக்கும்.

மூன்று: “இப்ப நிக்கிறியே, என்ன செஞ்சா மேல போகலாம்?” ‘அந்தப் பூதம் இடது பக்கம் திரும்பும்போது அடிக்கணும், எனக்கு இன்னும் கை வரல’ என்று பதில் வந்தால் நிம்மதியாக எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அவன் எதையோ கற்றுக்கொண்டிருக்கிறான். ‘நாளைக்கு வரை காத்திருக்கணும், இல்லன்னா நூத்தம்பது ரூவா’ என்று பதில் வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள்.

பெரியவர்களுக்கும் இதே மூன்று கேள்விதான். பிள்ளைகளைச் சாக்கு வைத்து ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் மிட்டாய் உடைக்கிற அப்பாக்களையும் அம்மாக்களையும் எனக்குத் தெரியும். ஆயிரத்துச் சொச்சமாவது லெவலில் இருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்ன ஒரு பெரியம்மாவையும் தெரியும். அவர் ஒரு ரூபாய்கூடச் செலவழித்ததில்லை. உயிர் தீர்ந்தால் போனை வைத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போய்விடுவார். அவரை அந்த நிறுவனத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

லெவல் ஏறுவது ரொம்ப எளிதாகிவிட்டதா என்று மாமா கேட்டார். ஏறுவது எளிதாகிவிட்டது; எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதுதான் கடினமாகிவிட்டது. அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நம்பரைச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தால் கைதட்டுங்கள். தட்டிவிட்டு, “அதுல பாதி எவ்வளவு?” என்று கேளுங்கள். இரண்டால் வகுத்துச் சொல்கிறானா, இல்லை விளையாட்டுக்குள் போய்ப் புள்ளிக் கணக்கைத் தேடுகிறானா என்று பாருங்கள். தேட ஆரம்பித்தால் அன்றைக்கு அவன் ஒரு லெவல் ஏறிவிட்டான்.